வாடகை அறையை இரைச்சலின்றிக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?

சுவரைத் துளைக்க அனுமதியில்லாத வாடகை அறையில், தூக்கத்தைக் கெடுக்கும் இரைச்சல் இல்லாமல் வெப்பத்தைத் தணிக்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன், வெயில் உள்ளே வராமல் தடுப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலை உட்புறத் திரைச்சீலை ஓரளவே தடுக்கும். ஏனெனில் சூடேறிய துணியே அந்த வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. மூங்கில் தட்டியையோ நிழல்வலையையோ சன்னலுக்கு வெளியே சிறிது இடைவெளி விட்டுக் கட்டினால் பலன் மிகுதி. மேற்குப் பார்த்த சன்னலை முதலில் கவனியுங்கள். பிற்பகல் வெயில் சாய்வாக விழுவதால் அது அறையின் உட்பகுதி வரை எட்டும்.

வெளிக்காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் வரை சன்னல்களை மூடி வையுங்கள். இரவில் இரண்டு சன்னல்களைத் திறந்து, ஒன்றில் மின்விசிறியை வெளிநோக்கி வைத்தால், சூடான காற்று வெளியேற, மற்றொன்றின் வழியே குளிர்ந்த காற்று நுழையும்.

மற்றபடி மின்விசிறி குளிர்விப்பது அறையை அல்ல, வியர்வையை ஆவியாக்கி நம் உடலைத்தான். வேகம் கூடக்கூட இரைச்சலும் வெகுவாகக் கூடுவதால், பெரிய இறக்கைகள் மெதுவாகச் சுழலும் விசிறியே படுக்கையறைக்கு ஏற்றது. மேசை விசிறியின் அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தால், மேசை அதிர்வதால் எழும் முனகல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏர்கூலர் வறண்ட காற்றுள்ள இடங்களில் மட்டுமே உதவும். நகர்த்தக்கூடிய ஏசியில் கம்ப்ரசர் அறைக்குள்ளேயே இருப்பதால், இரைச்சலைத் தாங்காதவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.