எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டி அடங்கவே மாட்டேன் என்கிறது. 'நீதான் தலைவன் என்று அதற்குக் காட்டு' என்கிறார்கள். எப்படிக் காட்டுவது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி: ஏழு மாத ஆண் சிப்பிப்பாறை. கேட் பக்கம் யார் போனாலும் பாய்ந்து குரைக்கிறது. வெளியே கூட்டிப்போனால் தோள் கழன்றுவிடும் அளவுக்கு இழுக்கிறது. ராத்திரி பத்து மணிக்கும் ஹாலில் வட்டமடிக்கிறது. வீட்டுக்கு வந்த பயிற்சியாளர், அதை மல்லாக்கப் போட்டுக் கழுத்தைப் பிடித்து, அசையாமல் கிடக்கும்வரை அழுத்தச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் நீங்கள் 'ஆல்ஃபா', அதாவது கூட்டத்தின் தலைவன், என்று அதற்கு உறைக்குமாம்.

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்து பார்த்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இந்த ஆல்ஃபா கதை நாய்களிடமிருந்து வந்ததே இல்லை. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியதிலிருந்து வந்தது. அடைத்துவைத்த இடத்தில் அவை முட்டிமோதிக்கொண்டன, அடித்து ஜெயித்தது மேலே வந்தது. ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே மீச் 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களின் பக்கத்திலேயே தங்கிப் பார்த்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, போன வருஷக் குட்டிகள், இந்த வருஷக் குட்டிகள். பதவிக்குச் சண்டை போடவேண்டிய தேவையே அங்கே இல்லை. 1999இல் இதைக் கட்டுரையாக எழுதினார். தன்னுடைய பழைய புத்தகத்தை இனி அச்சிடவேண்டாம் என்று பதிப்பாளரிடம் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டும் இருந்தார். சொன்னவரே திருத்திக்கொண்ட ஒரு விஷயத்தை நம் ஊரில் இன்னும் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மல்லாக்க அழுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நாயின் நடத்தைக் கோளாறுக்காகத் தங்களிடம் வந்தவர்களைக் கேட்டு 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாயை மல்லாக்கப் போட்டு அழுத்தியவர்களில் 31 சதவீதம் பேரிடம் அது உறுமியோ பாய்ந்தோ கடித்தோ எதிர்த்திருக்கிறது. அடித்தவர்கள், உதைத்தவர்களிடம் 43 சதவீதம். மிச்சமுள்ள நாய்கள் அமைதியாகிவிட்டன என்றும் அர்த்தமில்லை. பயத்தில் உறைந்துபோன நாயும் அசையாமல்தான் கிடக்கும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும், வாய் இறுக மூடியிருக்கும், காது பின்னால் ஒட்டியிருக்கும், வால் வயிற்றுக்கடியில் போயிருக்கும். அதைப் பார்த்துத்தான் 'அடங்கிடுச்சு பாருங்க' என்கிறார்கள்.

சரி, அப்படியானால் தலைமையே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். நான் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது கிடை ஆடு மேய்ப்பவர்களிடம்.

எனக்குச் சாத்தூர் பக்கம். அறுவடை முடிந்த காட்டில் கிடை போட, அதாவது ராத்திரி ஆடுகளை அடைத்துவைக்க, வருகிற கீதாரிகளோடு (ஆட்டு மந்தைக்காரர்களோடு) நாய்களும் வரும். அந்த நாய்களுக்கு யாரும் 'சிட்', 'ஸ்டே' சொல்லிக்கொடுத்ததில்லை. கீதாரி தொரட்டியைத் தோளில் போட்டு நடந்தால் பின்னாலேயே வரும், அவர் நின்றால் கொஞ்சம் தள்ளி நிழல் பார்த்துப் படுத்துவிடும். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது கவனித்திருக்கிறேன். நாய் விருட்டென்று தலையைத் தூக்கும், முதலில் பஸ்ஸைப் பார்க்கும், உடனே கீதாரியைப் பார்க்கும். அவர் பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். நாய் தலையை மறுபடி முன்னங்கால்மேல் வைத்துவிடும். அதே நாய் ராத்திரி கிடைப்பக்கம் ஏதோ அசைந்து குரைத்தால் அவர் எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒரு சத்தம் கொடுப்பார். நாயும் நிறுத்திவிடும்.

தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, எதற்குப் பதறுவது, கூழ் எப்போது என்பதையெல்லாம் அவர் முடிவுசெய்கிறார். நேற்று செய்ததைத்தான் இன்றும் செய்கிறார். நாய் கூப்பிட்டுக் காட்டினால் போய்ப் பார்க்கிறார். அதனால் அது அவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. 'அடியாத மாடு படியாது' என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் நான் பார்த்த கிடையில் நாயை அடித்துப் படியவைத்ததே இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

முதலில் தூக்கம். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும், குட்டிக்கு இன்னும் கூடவே வேண்டும். டிவி ஓடுகிற ஹாலில், பிள்ளைகள் மேலே விழுந்து விளையாடுகிற இடத்தில் அதற்குத் தூக்கம் எங்கே வரும்? ராத்திரி வட்டமடிப்பது பல சமயம் தூக்கம் கெட்ட குழந்தையின் அழிச்சாட்டியம்தான். ஆட்கள் குறுக்கே போகாத ஒரு மூலையில் சாக்கோ பழைய ஜமுக்காளமோ விரித்துக் கொடுங்கள். அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. இதை நாய்க்குச் சொல்லிக்கொடுப்பதைவிட வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும் வேலை.

அந்த ஜமுக்காளத்திலேயே பாடத்தையும் ஆரம்பிக்கலாம். அவித்த கோழியைச் சுண்டுவிரல் நக அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள், உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் கூடாது. பக்கத்தில் உட்காருங்கள், ஒன்றும் பேசாதீர்கள். அது தானாக வந்து படுத்தால் ஒரு துண்டை இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள். கையில் நீட்டினால் எழுந்துவிடும், கீழே வைத்தால் தலை தாழும். முதலில் சிங்கச் சிலை போல நிமிர்ந்துதான் படுத்திருக்கும், எந்த நொடியும் எழத் தயாராக. கொஞ்ச நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வுக்காகத்தான் காத்திருக்க வேண்டும். உடனே ஒரு துண்டு. பிறகு முழங்கை தளர்ந்து தாடை தரையைத் தொடும், மூக்கு வழியாக ஒரு நீண்ட பெருமூச்சு வரும். அப்போது இன்னொன்று, சத்தமில்லாமல். 'குட் பாய்' என்று நீங்கள் கொண்டாடினால் எல்லாம் போச்சு, எழுந்து நின்றுவிடும். கட்டளைக்குப் படுப்பது வேறு, உடம்பு தளர்வது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. சிப்பிப்பாறைக்கு ஒட்டிய சதை, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், வெறும் மொசைக் தரையில் 'உட்கார்' என்று நச்சரிப்பது அதற்குச் சிரமமாக இருக்கலாம். இந்த இனத்துக்குப் படுப்பதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

கேட் விஷயத்துக்கு முதல் வேலை கம்பி இடைவெளியை மறைப்பது. தகரமோ பச்சை வலைத்துணியோ போதும். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்து, அவர் கடந்து போனதும் 'நான்தான் விரட்டினேன்' என்று அது தினமும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஜெயிப்பு நிற்காமல் நீங்கள் எதைச் சொல்லிக்கொடுத்தும் ஏறாது. மறைத்த பிறகும் குரைத்தால் உள்ளேயிருந்து கத்தாதீர்கள், நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். எழுந்து போங்கள். நாய்க்கும் கேட்டுக்கும் நடுவில் நில்லுங்கள். வெளியே பாருங்கள். சாதாரணக் குரலில் 'சரி, பார்த்தாச்சு' என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஜமுக்காளத்தை நோக்கி நடங்கள். கூட வந்தால் அங்கே ஒரு துண்டு. கீதாரி டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதே வேலைதான். கூரியர் பையன் வரும்போதெல்லாம், பால்காரர் வரும்போதெல்லாம் இதேபோலச் செய்யவேண்டும். காலிங் பெல் சத்தத்தை போனில் பதிவுசெய்து, மெல்லிய ஒலியில் வைத்துப் பழக்கலாம். தீபாவளி வெடிக்கும் இதே வழிதான், ஆனால் மாதங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும்.

விருந்தாளிகளிடம் ஒரே விதியைச் சொல்லிவையுங்கள்: பார்க்காதீர்கள், தொடாதீர்கள், பேசாதீர்கள். அதுவாக வந்து மோந்துவிட்டுப் போகட்டும்.

இழுப்பதற்குக் காரணம் திமிர் இல்லை. இது முயல் வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த ஓட்டக்கார இனம், உங்கள் நடை அதற்குத் தவழ்வது மாதிரி. முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று குற்றம், அந்தப் பக்கம் போகவேண்டாம். சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானமோ தோப்போ கிடைத்தால் வாரத்தில் சில நாளாவது அவிழ்த்துவிட்டு ஓடவிடுங்கள். நடையில் கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். சுண்டி இழுக்காதீர்கள். நீண்ட மெல்லிய கழுத்து, முள் பட்டையும் இறுகுகிற செயினும் அதைப் புண்ணாக்கிவிடும். தலை குறுகல் என்பதால் சாதாரணப் பட்டையிலிருந்து நழுவியும் ஓடிவிடும், அகலமான பட்டையோ நெஞ்சைச் சுற்றிய ஹார்னெஸோ வாங்குங்கள். வழியில் மோந்து பார்க்க நேரம் கொடுங்கள். ஒரு கல்லை, ஒரு மின்கம்பத்தை ஆசைதீர மோந்துவிட்டு வருகிற நாய் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடும். தார் ரோடு கொதிக்கும் முன்னால், விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

'நாய்க்கு முன்னால் நீங்கள் சாப்பிடவேண்டும், வாசலை நீங்கள்தான் முதலில் தாண்டவேண்டும்' என்பதையும் கேட்டிருப்பீர்கள். அதனால் தலைமை வந்துவிடாது. தட்டு வைக்கும்போதும் கதவு திறக்கும்போதும் ஒரு நொடி பொறுக்கச் சொல்லிக்கொடுங்கள், மரியாதைக்காகவும் ரோட்டில் வண்டிக்காகவும். அவ்வளவு போதும்.

உங்கள் குட்டியின் வயதையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள். 2020இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்காமலும், அதையே அந்நியர் சொன்னால் கேட்டும் இருந்தன. விடலைப் பருவம். உங்களை மதிக்கவில்லை என்று மனசில் எடுத்துக்கொண்டு கையை ஓங்கினால், அந்தப் பருவம் கடந்த பிறகும் கைக்குப் பயப்படுகிற நாய்தான் மிஞ்சும்.

தொடுவதைப் பற்றி ஒன்று. கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் தெருநாய்களை ஆராயும் குழு 2017இல் வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு: முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்து தலையில் தடவிக்கொடுத்ததில் வந்த நம்பிக்கை, சாப்பாடு கொடுத்ததில் வந்ததைவிட அதிகம். யாருமில்லாத நாய்க்கே அப்படியென்றால் உங்கள் நாய்க்கு உங்கள் கை எவ்வளவு பெரிது! நெஞ்சிலும் தோளிலும் மெதுவாகத் தடவுங்கள். மூன்று நான்கு தடவலுக்குப் பிறகு கையை எடுத்துப் பாருங்கள். சாய்ந்து வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டால் போதும் என்கிறது, விட்டுவிடுங்கள். உறுமினாலும் அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

இதெல்லாம் செய்தும் குணம் திடீரென்று மாறினால், தொட்டால் சீறினால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். காதுப் புண், உண்ணிக் காய்ச்சல், மூட்டு வலி எல்லாம் வெளியே 'முரட்டுத்தனம்' போலத்தான் தெரியும். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியூர் என்றால் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் தொடங்குங்கள்.

கடைசியாக, அந்தப் பயிற்சியாளரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றுங்கள். அடுத்து வருகிறவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குச் செயின், குச்சி, ஷாக் பட்டை என்று ஏதாவது வந்தால் அனுப்பிவிடுங்கள். 'நாயை என்னிடம் விட்டுவிடுங்கள், ஒரு மாதத்தில் ரெடி பண்ணித் தருகிறேன்' என்பவரையும் அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கையில் கயிற்றைக் கொடுத்து, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்தான் வேண்டும்.