அடுப்படிப் புகை: வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவப் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக விறகடுப்புச் சமையல். கேஸ் வந்த பிறகும் சோறும் வெந்நீரும் விறகில்தான். தினமும் காலையில் சளியோடு இருமுகிறார், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆஸ்துமாவா?
– வாசகி, திண்டிவனம்

ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு. பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் விறகுப் புகையால் அது வரும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை போய், மூச்சுக்குழாய்களை வருடக்கணக்கில் புண்ணாக்கிச் சுருக்குகின்றன. ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இத்துகள் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறை. விறகெரியும் மூடிய அடுப்படியில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும்.

ஆரம்பக்கட்ட சிஓபிடி எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஸ்பைரோமெட்ரி எனும் மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யுங்கள். ஒரு முறை ஊதவைத்து, இன்ஹேலர் மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அடைப்பு நன்றாகத் திறந்தால் ஆஸ்துமாவின் பக்கம். பெரிதாக மாறாவிட்டால் சிஓபிடி. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம். 'புகைப்பழக்கம் உண்டா?' என்று டாக்டர் கேட்டால் 'இல்லை' என்பதோடு நிறுத்தாதீர்கள், 'முப்பது வருடம் விறகடுப்பு' என்றும் சொல்லுங்கள். விறகடுப்பைப் பற்றிப் பல டாக்டர்கள் கேட்பதே இல்லை என்பது வருத்தம்.

சோற்றையும் கேஸுக்கு மாற்றுங்கள். வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். பாதி நேரம் விறகு என்றால் பாதிப்பு தொடரும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் கேஸ் அடுப்புதான், சிம்னியும் உண்டு. ஆனாலும் மிளகாய் தாளித்தால் வீடே இருமுகிறது. ஏன்?
– வாசகர், கோவை

சிம்னியிலிருந்து வெளியே குழாய் போகிறதா என்று முதலில் பாருங்கள். குழாயில்லாத வகை, கரி வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது. குழாய் இருந்தால், அடுப்புக்கும் சிம்னிக்கும் 26 முதல் 30 அங்குலம் இடைவெளி போதும். அதற்கு மேல் உயர்ந்தால் புகை பக்கவாட்டில் கசிந்து சமைப்பவர் முகத்துக்கு வரும். குழாயில் வளைவு கூடக்கூட இழுவை குறையும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வடிகட்டியும் அப்படித்தான். மாதம் ஒருமுறை வெந்நீரில் சலவை சோடா போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சிம்னியைப் போடுங்கள், அணைத்தபின் பத்து நிமிடம் ஓடட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் என்றால், அதற்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறவுங்கள். ஃபேனை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்றையே இழுத்துத் தள்ளும், அடுப்புப் புகை அசையாது.

எண்ணெய் புகையும்வரை காய வேண்டாம். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் புகையும். உயர்வெப்பப் பொரிப்பில் எழும் புகையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. தீ நீலமாக எரியாமல் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளைகளை ஊசியால் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். விறகடுப்பில் சமைக்கும்போது மாஸ்க் போட்டால் போதுமா?
– வாசகி, தருமபுரி

போதாது. துணி மாஸ்க் நுண்துகளைத் தடுக்காது. என்95 துகளைத் தடுத்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிப்பதால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். எடை குறைந்து பிறக்கலாம். பிரசவம்வரை விறகடுப்புப் பக்கம் வீட்டில் வேறொருவர் நிற்கட்டும். சமைக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே திறந்த வெளிக்கு வந்து, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.