வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுத முடியுமா? உத்வேகம் வராத நாட்களில் என்ன செய்வது?

ஐ.டி. வேலை, பாதியில் நின்றுபோன நாவல், உத்வேகம் வந்தால்தான் கை ஓடுகிறது, பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். வேலையை விடாதீர்கள்.

நான் பெரிய எழுத்தாளன் எல்லாம் கிடையாது. குடியாத்தம் பக்கம் தபால் ஆபீஸ்களில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நாவல் எழுதி அச்சிலும் வந்திருக்கிறது. விற்றதைவிட நான் சும்மா கொடுத்ததுதான் அதிகம். "சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுவது பொழுதுபோக்கு சார், இலக்கியம் என்றால் முழுசாக இறங்க வேண்டும்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்தப் பதிலிலும் அது தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாவல் கிடைத்ததே கவுண்டரில்தான். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் நிறைய. மாதா மாதம் வீட்டுக்கு மணியார்டர் வரும். மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுதுகிற மாதிரி ஒரு கூப்பன் இருக்கும். பணத்தோடு அதையும் கிழித்துக் கொடுப்போம். "அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா?" என்று யாராவது கிளம்புவீர்கள். கூப்பன் உறைக்குள் இருக்காது, திறந்தேதான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வதும் அந்தக் காலத்தில் எங்கள் வேலையோடு சேர்ந்ததுதான்.

ஒரு பாட்டி. தபால்காரர் வீட்டுக்கு வரும்வரை பொறுக்காது, தேதி நெருங்கினால் ஆபீஸுக்கே வந்துவிடும். பணத்தை எண்ணும் முன்னால், "இன்னா எழுதிகீறான், படிப்பா" என்று கேட்கும். மகன் முகவரி 56 ஏ.பி.ஓ. ராணுவத் தபால் அப்படித்தான் வரும். பையன் எந்த ஊரில் எந்த மலையில் இருக்கிறான் என்பது எங்களுக்கே தெரியாது. எழுதுவது எப்போதும் ஒன்றுதான்: "நலம். பால் பாக்கி குடுத்துடு. ஆட்ட விக்க வேனாம்." கோணல் எழுத்து, வலது பக்கம் சரியும், மூன்று சுழி ண-வே அவனுக்கு வராது.

ஒரு மாதம் கூப்பன் வந்தது. அதே பெயர், அதே முகவரி, அதே செய்தி. எழுத்து மட்டும் வேறு. உருண்டை உருண்டையாக, பிழையில்லாமல், "ஆட்டை விற்க வேண்டாம்." பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வழக்கம்போல "ஆட்ட விக்க வேனாமாம்" என்று அவன் பாஷையிலேயே வாசித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். ரேகை உருட்டிவிட்டுப் போய்விட்டது.

அடுத்த மாதம் பழைய கோணல் எழுத்தே வந்துவிட்டது. கையில் அடியோ காய்ச்சலோ, கூட இருந்தவனை எழுதச் சொல்லியிருப்பான். நிஜத்தில் நடந்தது அவ்வளவுதான். என் மண்டையில் மட்டும் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது: பழைய எழுத்து திரும்பி வராமலே போயிருந்தால்? பணமும் நலமும் மட்டும் மாதா மாதம் வந்துகொண்டிருந்தால், அங்கே எழுதுகிறவன் யார், ஏன் எழுதுகிறான், இங்கே படித்துச் சொல்கிறவன் எத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பான்? நாவல் அதுதான். பையன் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது கேட்டிருக்கலாம். வேண்டுமென்றே கேட்கவில்லை. முழு விவரம் தெரிந்துவிட்டால் எழுத ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் உத்வேகம் என்று சொல்வது எனக்குத் தெரிந்து இந்த மாதிரி விடை தெரியாத அரைகுறைச் சமாச்சாரம்தான். அதற்கு ஊரில் போய் உட்கார வேண்டாம், நாலு பேர் வந்து போகிற இடத்தில் இருந்தால் போதும். உங்கள் ஆபீஸில் கதை இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். தபால்காரன் என்பதால் எனக்கு ஒரு ஆள் மேல் தனிப் பிரியம். ஆன்டனி டிரொலோப், 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து நாவலாசிரியர். 1834-இல் தபால் துறையில் சேர்ந்து 33 வருடம் வேலை பார்த்தவர். அங்கே தெருவில் தபால் பெட்டி வைக்கும் வழக்கம் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1852-இல் ஜெர்சி தீவில் முதலில் வைத்தார்கள். எழுதிய நாவல்கள் மட்டும் 47. காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். எழுப்பிவிட்டுக் காபி கொடுக்க ஒரு வேலைக்காரருக்கு வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பார், அப்புறம் கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால்மணி நேரத்துக்கு 250 வார்த்தை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அன்றைய எழுத்து முடிந்துவிடும், அப்புறம்தான் ஆபீஸ் வேலை. ரயிலில் போகும்போது பென்சிலால் எழுதுவார், மனைவி படி எடுத்துக் கொடுப்பார். இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதிவைக்க, அவர் இறந்த மறுவருடம், 1883-இல் அது வெளிவந்தது. எண்ணி எண்ணி எழுதுகிறவன் கலைஞனா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். என்னிடம் சொன்ன அந்த மனிதரின் தாத்தாக்கள் போல.

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரும் தபால் ஆபீஸில் இருந்தவர்தானே, அவர் 1924-இல் வேலையை விட்டுவிட்டுத்தானே பெரிய ஆள் ஆனார் என்று கேட்பீர்கள். பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் போஸ்ட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஊருக்கு வந்த தபாலைக் கண்டபடி போட்டுவைத்தார் என்று அவர் மேல் புகார்ப் பட்டியலே உண்டு. தபால் பையைத் தூக்கினவனாக அவரை என்னால் மன்னிக்க முடியாது.

நான் டிரொலோப் அளவுக்கு இல்லை. விடியற்காலை எழுந்து, கொல்லைப்புறத் திண்ணையில், கடையில் காசு கொடுத்து வாங்கிய குயர் நோட்டில் எழுதினேன். காசு கொடுத்து என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபீஸ் தாளில் ஆபீஸ் நேரத்தில் எழுதினேன் என்று கூட வேலை பார்த்த ஒருவர் பரப்பிவிட்டார். ஒரு பக்கம் வந்தால் அன்றைக்குப் போதும். எழுத வராத நாளில் முந்தின நாள் பக்கத்தை வாய்விட்டுப் படிப்பேன். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பொய் இருக்கும். அதைத் திருத்த ஆரம்பித்தாலே அடுத்த பத்தி தானாக வந்துவிடும்.

நடுவில் வண்டி நின்றது. முகாம் வாழ்க்கை எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரிடம் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். "அங்கே மனநிலை எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "நாட்டுக்காகத்தானே" என்று மேடைப்பேச்சுதான் வரும். "லெட்டர் எதில் எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். "அந்தக் குளிரில் பேனா எழுதாது சார், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் இரண்டு வரி எழுதும்" என்றார். ஓர் அத்தியாயம் அந்த ஒரு பதிலில் முடிந்தது. யாரைப் பற்றி எழுதினாலும் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள், மனசைப் பற்றி அப்புறம் அவர்களே சொல்வார்கள்.

முடித்தபிறகு ஆரம்ப அத்தியாயங்களை எடுத்துவிட்டேன். ஊர் வரலாறு, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வெயில் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது, கதைக்குத் தேவைப்படவில்லை. கூப்பனிலேயே தொடங்கிவிட்டேன்.

வெளியீட்டு விழா நடத்தாதீர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் விழாவில் சிறப்புரை ஆற்ற வந்தவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அட்டையில் தபால் பெட்டி படம் இருந்ததால், கடிதம் எழுதும் பழக்கம் அழிந்துவிட்டது என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மணியார்டர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மண்டப வாடகை, சால்வை, அவருக்கு வண்டி, எல்லாம் என் செலவு. முன்வரிசையில் இருந்த உறவினர்கள் ஆளுக்கொரு பிரதி இலவசமாக வாங்கிக்கொண்டு டிபன் எங்கே என்று கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பிழைதிருத்துநர் ஒருவரை வைத்திருந்தால் ஒற்றுப் பிழையாவது குறைந்திருக்கும்.

பதிப்பகம் உங்களிடமே பணம் கேட்டால், எத்தனை பிரதி அச்சடிக்கிறார்கள், விற்ற கணக்கு எப்போது தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள். நின்றுபோன உங்கள் நாவலில் எந்த இடத்தில் நின்றது என்று எழுதவில்லையே? அதைச் சொன்னால் தெரிந்ததைச் சொல்கிறேன். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள், கண்ணில் புரை, போனில் படிக்க முடியவில்லை.