கோரைப்பல் இல்லாத ரத்தக்காட்டேரி

கேள்வி: கோரைப்பல், வௌவால், ரத்த வெள்ளம் எதுவும் இல்லாமல் பயமுறுத்துகிற ரத்தக்காட்டேரி படம் இருக்கிறதா?

இருக்கிறது. டென்மார்க் இயக்குநர் கார்ல் தியோடர் டிரையரின் 'வாம்பிர்' (1932). பேய்ப்படம் கேட்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதில் காட்டேரி, தடி ஊன்றி நடக்கும் ஒரு கிழவி. அவளிடம் கடிபட்ட லெயோன் என்ற பெண், செத்தால் தேவலை என்று அழுகிறாள். அழுகை ஓய்கிறது. கண்கள் மெல்ல நகர்ந்து தங்கையின்மேல் நிலைக்கின்றன. உதடு விரிந்து பல் தெரிகிறது. சாதாரணப் பல்தான்! நடிகை சிபில் ஷ்மிட்ஸ் முகத்தை வைத்தே செய்துவிட்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அங்கே உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்று சவப்பெட்டிக் காட்சி. நாயகன் தன்னையே பிணமாகக் காண்கிறான். பெட்டி மூடியில் முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடி. அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றி, கிழவி குனிந்து உள்ளே பார்க்கிறாள். பிறகு பெட்டியைத் தூக்கிப் போகிறார்கள். கேமரா உள்ளேயிருந்து பார்க்க, மேலே மரக்கிளைகளும் வானமும் நகர்கின்றன. நாமே படுத்திருக்கிறோம்.

கிழவிக்குத் துணைபோன டாக்டர் மாவு மில்லில் மாட்டி, கொட்டுகிற மாவில் மூச்சடைத்துச் சாகிறார். எங்கள் பாலக்கோடு பக்கம் ராகி அரைக்கப் போனால், மில் ஓடும்போது பேச்சு காதில் விழாது; புருவம் வரை மாவு படியும். அந்த இடம் எனக்குப் பழக்கம் என்பதால், அவர் கம்பிவலையைப் பிடித்துத் தவிப்பதைப் பார்க்க முடியவில்லை. ஜெர்மன் தணிக்கையும் இந்தச் சாவைக் குறைக்கச் சொன்னது.

படம் முழுக்கப் பனிமூட்டம் போல ஒரு சாம்பல் வெளிச்சம். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே கேமராவுக்கு முன்னால் சல்லாத்துணி பிடித்து எடுத்தது அது. செட் கிடையாது, பிரான்சில் நிஜக் கட்டடங்களிலேயே படப்பிடிப்பு. பணம் போட்ட நிக்கோலஸ் த கன்ஸ்பர்க் என்ற பிரபுவே வேறு பெயரில் நாயகனாகவும் நடித்தார்.

பெர்லினில் முதல் காட்சியிலேயே கூச்சலிட்டார்களாம். கதை கோவையாக நகராதுதான். கெட்ட கனவு அப்படித்தானே வரும்? அதனால் எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

கதை தெளிவாக வேண்டும் என்றால், 2008-இல் வந்த ஸ்வீடன் படமான 'லெட் த ரைட் ஒன் இன்' பாருங்கள். பள்ளியில் அடிவாங்கும் 12 வயதுப் பையனும் பக்கத்து வீட்டுக் காட்டேரிச் சிறுமியும் சிநேகமாகிறார்கள். அதில் ரத்தம் உண்டு. ஆனால் மனதைப் பிசைவது அந்தச் சிநேகம்தான்.