உள் ஆய்வு நிதிக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒளிவினையூக்கிகள் (ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்க உதவும் பொருட்கள்) பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்றை வெளி நிதியமைப்புக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இப்போது எங்கள் பல்கலைக்கழகமே உள் ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. இதே ஆய்வை அதற்கும் அனுப்பலாமா? இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சி, நிதியில் ஒரு பங்கு கொடுத்தால் முன்மொழிவு எழுதிக் கொடுத்து, கட்டுரையும் வெளியிட்டுத் தருவதாகச் சொல்கிறது. சக ஆசிரியர்கள் சிலர் அப்படித்தான் வாங்கினார்களாம். என்ன செய்யட்டும்?

பதில்: முதல் கேள்விக்கு, தாராளமாக விண்ணப்பியுங்கள். இரண்டாவதற்கு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உள் நிதியில் பல வகைகள் உண்டு: தொடக்க நிதி, இடைக்கால நிதி, கருவி நிதி, பயண உதவி. உங்களுக்கு வேண்டியது விதை நிதி, அதாவது சீட் கிராண்ட். மற்றவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விதை நிதியில் தொகை சின்னது, காலமும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். வெளி அமைப்பின் மதிப்பீட்டாளர் ‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்டால், மேசைமேல் எடுத்துவைக்க உங்களிடம் சொந்தமாக ஒரு வரைபடமாவது இருக்க வேண்டும். அந்த முதற்கட்டத் தரவை எடுக்கத்தான் இந்தப் பணம்.

அதனால் வெளி அமைப்புக்கு அனுப்பிய கோப்பையே பெயர் மாற்றி இங்கே அனுப்பாதீர்கள். அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியைப் பிரித்தெடுங்கள். ‘சாயக் கழிவுநீருக்கான புதிய நானோ வினையூக்கிகளை உருவாக்குதல்’ என்று பொதுப்படையாக எழுதினால் மதிப்பீட்டுக் குழு அதை ஓரமாக வைத்துவிடும். இந்தத் துறையில் முக்கால்வாசிப் பேர் மெத்திலீன் புளூ என்ற சாயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 664 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறம் வெளிறுவதை அளந்து, வெற்றி என்று எழுதுகிறார்கள். உண்மையான சாயக் கழிவுநீரிலோ உப்பு ஏராளம். சாயத்தைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை உப்பிலுள்ள குளோரைடு பிடித்துவைத்துக்கொள்ளும். உங்கள் வினையூக்கி துத்தநாக ஆக்சைடாக இருந்தால், ஒளி பட்டு அதுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் செய்யும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: ‘உப்பு கலந்த நீரில் எங்கள் வினையூக்கியின் வேகம் எவ்வளவு குறைகிறது? ஐந்து முறை திரும்பத் திரும்பப் பயன்படுத்திய பிறகு நீரில் எவ்வளவு துத்தநாகம் கலந்திருக்கிறது?’ ஓராண்டில், சின்னத் தொகையில் முடியக்கூடிய கேள்வி இது. பதில் எதிர்மறையாக வந்தாலும் வெளி விண்ணப்பத்துக்கு உதவும். குழுவில் உங்கள் துறை ஆள் ஒருவர் இருந்தாலே அதிர்ஷ்டம். முதல் பக்கத்தை வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதிவிடுங்கள்.

சரி, ஒரே தலைப்பில் இரண்டு இடத்தில் கேட்கலாமா? விதி எளிமையானது: ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. விண்ணப்பிப்பது வேறு, வாங்குவது வேறு. ஆனால் இரண்டு விண்ணப்பங்களும் ஒன்றன் பின் ஒன்றாக ஒப்புதல் ஆகும் நிலையில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், விண்ணப்பத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள்: ‘இத்தலைப்பின் விரிவான வடிவம் வெளி நிதியமைப்பு ஒன்றில் பரிசீலனையில் உள்ளது, அங்கே கோரிய செலவினங்கள் எதுவும் இங்கே கோரப்படவில்லை.’ இந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அங்கே நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கேட்டிருந்தால் இங்கே கேட்காதீர்கள். ரசாயனங்கள் இரண்டிலும் வருமே என்றால், எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். விதை நிதி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளி நிதி கிடைத்துவிட்டால், அன்றே ஆராய்ச்சி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். செலவழித்தது செலவழித்ததாகவே நிற்கட்டும். அது முதற்கட்ட வேலைக்கான செலவு. மீதித் தொகையைத் திருப்பித் தருவது ஒரு வழி. நோக்கத்தை மாற்றி எழுதி, திருத்திய ஒப்புதல் வாங்குவது இன்னொரு வழி. வாய்மொழியாக ‘பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னவர் பதவி மாறிப் போனபிறகுதான் தணிக்கை வரும். வெளி விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலே தகுதி இல்லை என்று சில இடங்களில் விதி இருக்கும். தகுதிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வேறு கேள்வியை எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

பட்ஜெட்டில் உங்கள் சம்பளம் வேண்டாம், மேசை நாற்காலி வேண்டாம், கணினியும் பெரும்பாலும் வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள்.

இனி அந்தக் கன்சல்டன்சி, அதாவது ஏஜென்ட் விஷயம். நிதியில் பங்கு என்கிறார்களே, அந்தப் பங்கு எந்தக் கணக்கில் போகும் என்று கேட்டீர்களா? ஆய்வு நிதியில் கமிஷன் என்று ஒரு செலவினமே கிடையாது. அதனால் ‘மாதிரிப் பகுப்பாய்வுக் கட்டணம்’ என்று ஒரு பில் வரும். நடக்காத எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்ச் சோதனை), எடுக்காத எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம், அதற்கு ஒரு தொகை. பில்லில் கையெழுத்துப் போடுவது நீங்கள். நாளைக்கு மூலத் தரவுக் கோப்பு எங்கே என்று தணிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். அவர்கள் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது.

எழுதிக் கொடுக்கும் முன்மொழிவின் லட்சணத்தையும் சொல்கிறேன். மதிப்பீட்டுக்கு வரும் கோப்புகளில், ஒரே பின்னணிப் பத்தி வேறு வேறு துறைகளிலிருந்து வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒப்புமைச் சோதனை மென்பொருள் அதை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும். உங்கள் கருத்தை அவர்கள் கையில் கொடுத்தபிறகு, அது அடுத்த வாடிக்கையாளருக்குப் போகாது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எல்லாம் தாண்டி நேர்முகத்துக்குப் போனால், ‘கட்டுப்பாட்டுச் சோதனையை இருட்டில் செய்தீர்களா?’ என்று ஒருவர் கேட்பார். உங்கள் திட்டத்தில் உள்ளதை நீங்களே படித்திராவிட்டால் அங்கேயே முடிந்தது கதை.

அப்புறம், ‘கட்டுரையும் வெளியிட்டுத் தருகிறோம்’ என்பது. இது சில்லறை மோசடி இல்லை, பெரிய வியாபாரம். ஓமிக்ஸ் என்ற பிரசுர நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. பெயர்பெற்ற வைலி நிறுவனத்தின் கையில் இருந்த ஹிந்தாவி ஜர்னல்களிலேயே போலிக் கட்டுரைகள் புகுந்து, 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெயர் இருந்த ஒவ்வொருவரின் கட்டுரைப் பட்டியலிலும் அந்தக் கறை நிற்கிறது. ‘ஸ்கோபஸில் இருக்கும் ஜர்னல்தான் சார்’ என்று, ஜர்னல்களைத் தேர்ந்து பட்டியலிடும் அந்தத் தரவுத்தளத்தை ஏஜென்ட் காட்டுவார். பட்டியலில் இன்று இருப்பது நாளை நீக்கப்படலாம். 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு பட்டியல் ஒரே வீச்சில் 50-க்கு மேற்பட்ட ஜர்னல்களை நீக்கியது. உண்மையான ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஏஜென்ட் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், ஜர்னலின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ வைத்து நீங்களே பட்டியலில் தேடுங்கள். கட்டணமில்லாமல் எல்லோரும் படிக்கக்கூடிய ஜர்னல் என்றால் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சக ஆசிரியர்கள் சிலர் இப்படி வாங்கியிருக்கலாம். அவர்களைக் குறை சொல்வதைவிட, இந்த வியாபாரத்துக்கு வாசலைத் திறந்துவிட்டவர்கள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஓராண்டு நிதி கொடுத்துவிட்டு, அந்த ஓராண்டுக்குள் கட்டுரை வெளிவர வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். நல்ல ஜர்னலில் மதிப்பீட்டுக்கே பல மாதம் ஆகும் என்பது விதி எழுதிய பேராசிரியர்களுக்குத் தெரியாதா? இதில் காலம் ஒப்புதல் ஆணையின் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். பணமோ பல மாதம் கழித்துத்தான் கணக்கில் வரும். கொள்முதல் பிரிவில் கோப்பு நகர்வதற்குள் நிதியாண்டு முடிந்து, செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும். மறுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு வரி காரணம்கூட எழுதாத குழுக்கள் இருக்கின்றன. இளம் ஆசிரியருக்கு எங்கே தவறினோம் என்று யாரும் சொல்லாதபோது, சொல்லித் தருவதாக ஏஜென்ட் வந்து நிற்கிறார். எத்தனை கூட்டங்களில் சொல்லியும் இது மாறவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். இந்த வாரமே ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போய், முன்பு ஒப்புதல் பெற்ற விண்ணப்பம் ஒன்றைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், நேர்மையாக நிதி வாங்கிய மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள்; கொடுப்பார்கள். உங்கள் வரைவை அவரிடமே ஒருமுறை படிக்கக் கொடுங்கள். அப்படிப் படித்துத் திருத்தும் உதவிக்குச் சில பல்கலைக்கழகங்களில் தனிப் பிரிவே உண்டு, கட்டணமும் இல்லை. விளைவுகள் பகுதியில் ‘இரண்டு கட்டுரைகள் வெளியிடப்படும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘ஒரு கட்டுரை ஜர்னலுக்கு அனுப்பப்படும், வெளி நிதிக்கான விண்ணப்பம் முதற்கட்டத் தரவுடன் வலுப்படுத்தப்படும்’ என்று எழுதுங்கள். ஒப்புதல் வந்ததும், ஆணையில் கையெழுத்திடும் முன், பணம் கணக்கில் வரும் நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடும்படி ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.