1862-இல் இடுப்பு வாரில் தோட்டா ஏது?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1862 வசந்தத்தில், நியூ மெக்சிகோவில் நடக்கும் ஒரு சித்திரக்கதையை எழுதி வருகிறேன். ஓவியருக்கு மாதிரியாக ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தைக் கொடுத்திருக்கிறேன். அதிலுள்ள துப்பாக்கிகளை அப்படியே வரையலாமா? நாயகனின் இடுப்பு வாரில் தோட்டாக்களைச் செருகலாமா? அவன் கையில் என்ன கொடுப்பது?

பதில்: இடுப்பு வாரில் தோட்டா வேண்டாம். மற்ற எல்லாப் பிழைகளும் அந்த ஒரு வாரிலிருந்துதான் கிளைக்கின்றன.

படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் வைத்திருப்பது, பிடியில் வெள்ளிப் பாம்பு பதித்த கோல்ட் 1851 நேவி ரிவால்வர். லீ வான் க்ளீஃப் வைத்திருப்பது ரெமிங்டன். அந்தப் போரில் இரண்டு வகைகளும் உண்மையிலேயே புழங்கின. ஆனால் படத்தில் குண்டுகள் நிரப்பும் அவற்றின் சுழல் உருளைகள் பின்பக்கம் வெட்டி மாற்றப்பட்டு, பித்தளைத் தோட்டா போடும்படி அமைந்துள்ளன. அந்த மாற்றம் கோல்ட் ஆலையில் தொடங்கியது 1870களின் தொடக்கத்தில்தான்.

ஏன் அவ்வளவு தாமதம்? தொழில்நுட்பம் இல்லாமல் அல்ல, வழக்கறிஞர்களால். உருளையின் அறைகளை முன்னும் பின்னும் திறந்திருக்கும்படி துளைத்து, பின்னாலிருந்து தோட்டா போடும் வழிக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-இல் காப்புரிமை பெற்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. 1869-இல் அது காலாவதியாகும் வரை அமெரிக்காவில் வேறு யாரும் அதன் அனுமதியின்றி அந்த வகை ரிவால்வரை முறையாகச் செய்ய முடியவில்லை. காலத்தை நீட்டிக்க வழி செய்யும் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், அதிபர் கிராண்ட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். போர்க்காலத்தில் உங்கள் நாயகனுக்குத் தோட்டா ரிவால்வர் கொடுத்தே தீர வேண்டுமானால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .32 அங்குலச் சிறு ரிவால்வர் ஒன்று உண்டு. அதிகாரிகள் சிலர் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தார்கள். சுட்டால் வலிக்கும், வீழ்த்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

மற்றபடி அன்றைய ரிவால்வரை நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும், அல்லது மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலத்தை இட வேண்டும். பிறகு குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து ஈயக் குண்டை இறுக்க வேண்டும். கடைசியில் உருளையின் பின்னால் உள்ள சிறு முனைகளில் செப்புத் தொப்பிகளைச் செருக வேண்டும். தொப்பி என்பது தீபாவளிப் பொட்டு வெடியின் மூத்த உறவினர்: சுத்தி அடித்ததும் அதன் பொறி உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கும். ஆறு அறைகளையும் இப்படி நிரப்ப நிமிடங்கள் பிடிக்கும். எதிரில் ஒருவன் சுட்டுக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

கதாசிரியருக்கு இது பெரிய வரம். தவறி வெடிக்காதிருக்க, பலர் ஓர் அறையைக் காலியாக விட்டுச் சுத்தியை அதன் மேல் வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஐந்து குண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது கட்டத்தில் அவன் தப்பி ஓட வேண்டும், அல்லது இரண்டாவது ரிவால்வரை உருவ வேண்டும். ரெமிங்டன் வைத்திருந்தால் இன்னொரு வழி உண்டு. அதன் சட்டம் உருளைக்கு மேலேயும் சுற்றி வரும் ஒரே இரும்பு. அச்சை இழுத்துவிட்டு உருளையைக் கழற்றி, முன்பே நிரப்பிய வேறொன்றை மாட்டலாம். கோல்ட் நேவியில் குழலையே கழற்ற வேண்டியிருக்கும். ஓவியரிடம் சொல்லுங்கள்: நேவியின் குழல் எட்டுப் பட்டை கொண்டது, உருளைக்கு மேலே பாலம் கிடையாது, உருளையில் ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். சுட்டவுடன் எழும் வெள்ளைப் புகை அடுத்த கட்டத்தில் பாதியை மறைக்கட்டும். கருமருந்தின் குணம் அது.

படத்தின் ‘அக்லி’யான டூக்கோ துப்பாக்கிக் கடையில் பல ரிவால்வர்களைப் பிரித்துப் பிடித்த பாகங்களைச் சேர்த்து ஒன்று செய்துகொள்ளும் காட்சி எனக்கும் மிகவும் பிடிக்கும். அதை நகல் எடுக்காதீர்கள். வெவ்வேறு நிறுவனங்களின் உருளையும் குழலும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

படத்தை எடுத்த இத்தாலியர்களைக் குறை சொல்லவும் மனமில்லை. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டை ஒட்டி, பிரெசியா வட்டாரத்துப் பட்டறைகள் 1950களின் இறுதியிலிருந்தே அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக 1851 நேவியின் மாதிரிகளைச் செய்துவந்தன. படக்குழுவுக்கு அவை பக்கத்திலேயே கிடைத்தன. படப்பிடிப்பில் ஒவ்வொரு முறையும் மருந்து கொட்டி இறுக்க யாருக்கு நேரம்? வெற்றுத் தோட்டா போடுவது எளிது.

நெம்புகோல் ரைஃபிள் விஷயத்தில் மட்டும் ஒரு சின்னத் தந்திரம். படத்தில் ஹென்றி ரைஃபிள் போலத் தெரிவது உண்மையில் வின்செஸ்டர் 1866; குழலின் கீழே இருக்கும் மரப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் பித்தளை உடலின் வலப்பக்கம் தோட்டா போடுவதற்காக உள்ள சிறு வாசல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஹென்றிக்கு அது கிடையாது. குழலடிக் குழாயின் முன்முனையைத் திறந்துதான் தோட்டாக்களைப் போட வேண்டும். அந்த ஹென்றியும் சந்தைக்கு வந்தது 1862-இன் நடுவில். வசந்த காலத்தில், ரயில்பாதையே எட்டாத நியூ மெக்சிகோவில் அதை யாரும் வைத்திருந்திருக்க வழியில்லை. இதே கணக்கில் கேட்லிங் துப்பாக்கியும் விழும்: காப்புரிமை 1862 நவம்பர். டைனமைட் 1867. பாலத்தைத் தகர்ப்பதாக இருந்தால் கருமருந்துப் பீப்பாய்களை வரையச் சொல்லுங்கள்.

இனி, நாயகன் கையில் என்ன? அவன் நியூ மெக்சிகோவுக்குள் படையெடுத்த தெற்கத்தியத் தளபதி சிப்லியின் டெக்சாஸ் படையோடு வந்தவன் என்றால், ரிவால்வரை விட இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியே பொருத்தம். அந்த வீரர்களில் ஏராளமானோர் வீட்டிலிருந்த துப்பாக்கியோடுதான் கிளம்பினார்கள். 1862 பிப்ரவரி 21 அன்று நியூ மெக்சிகோவின் வால்வெர்டேயில் நடந்த சண்டையில் ஒரு டெக்சாஸ் பிரிவு ஈட்டிகளை ஏந்திக் குதிரைப் பாய்ச்சலில் போய், துப்பாக்கிச் சூட்டில் சிதறியது. எந்த மேற்கத்தியப் படத்திலும் இதை நான் பார்த்ததில்லை. உங்கள் கதையில் இருந்தால் முதல் ஆளாகப் படிப்பேன். தெற்கத்தியர் பித்தளைச் சட்டத்தில் செய்த கோல்ட் நகல் அழகாக இருக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் தவிர்த்துவிடுங்கள். ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் பட்டறை அதைச் செய்யத் தொடங்கியதே 1862 கோடையில்.

தோட்டா வாரைக் கைவிட மனமில்லை என்றால் ஆண்டை மாற்றுங்கள். 1873-க்குப் பின் கோல்ட் .45, வின்செஸ்டர் 1873 இரண்டும் கிடைக்கும். ஆனால் ஓவியர் பழைய ஹாலிவுட் படங்களைப் பார்த்து ரைஃபிள் வரைந்தால் கொஞ்சம் கவனியுங்கள். அவற்றில் 1870களின் கதைகளிலும் பெரும்பாலும் வருவது வின்செஸ்டர் 1892.