எந்தச் சத்தம் வீட்டுக்குள் இருக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வீட்டு விளக்குகள் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி விளக்கை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பற்றிப் பேசுகின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துளிச் சத்தமும் இல்லாத வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள், அது கிடைக்கவும் கிடைக்காது, கிடைத்தால் அதில் இருக்கவும் பிடிக்காது. எது காதில் விழ வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பது நம் கையில் இருந்தால் போதும்.

தாம்பரத்தில் மெயின் ரோட்டைப் பார்த்த ஃபிளாட், மூன்றாவது மாடி. ஹால் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் ஒரே இரைச்சல், கூடவே பஸ் ஹார்ன். சுவர் முழுக்க ஃபோம் ஷீட் ஒட்டினால் ரோட்டுச் சத்தம் நின்றுவிடும் என்கிறார் இன்டீரியர் வேலை செய்பவர். ஒட்டலாமா? – வாசகி, தாம்பரம்

ஒட்டாதீர்கள். அந்தப் பணத்தை ஜன்னலுக்குச் செலவழியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் கலந்திருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே வருவது ஒன்று, உள்ளே கிளம்பியது அடங்காமல் சுற்றுவது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஃபோம் கொஞ்சம் எதிரொலியைக் குடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இடுக்கு இல்லாத அடைப்பு வேண்டும், ஃபோமில் இரண்டும் கிடையாது.

முதலில் எதிரொலி. ஹாலுக்கு நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டின சத்தத்துக்குப் பின்னால் 'கிர்ர்' என்று ஒரு வால் நீண்டால், உங்கள் இரைச்சலில் பெரும்பகுதி அதுதான். பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த வெறும் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல், இவை எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புகிறவை. 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்திலும் இதே கதைதான், அங்கிருந்த சொற்பொழிவு அறையில் பேசுகிறவர் சொல்வது ஒன்றும் புரியவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிவந்து அடுக்குவார், ஆர்கன் என்ற காற்று வாத்தியத்தின் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்துவார், ஒலி மறைய எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பார். மெத்தை இல்லாத அறையில் 5 வினாடிக்கு மேல் ஆனது. அறை எவ்வளவு பெரிது, ஒலியை விழுங்கும் பொருள் அதில் எவ்வளவு, இந்த இரண்டும்தான் எதிரொலியின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் அரங்குகளுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் அவருடைய சூத்திரத்தில்தான் தொடங்குகிறார்கள்.

அவர் செய்ததை நீங்களும் செய்யலாம், பீரோவில் மடித்து வைத்திருக்கும் பவானி ஜமுக்காளம் எதற்கு இருக்கிறது? தரையில் விரியுங்கள், அடியில் ஒரு மெல்லிய மெத்தை விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. திரைச்சீலைத் துணியை ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாக விழும்படி தையுங்கள். எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவரில் ஒன்றையாவது வெறுமையாக விடக்கூடாது, திறந்த புத்தக அலமாரி வையுங்கள், இல்லை கனமான துணி ஏதாவது தொங்கவிடுங்கள். துணி சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளித் தொங்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் அசைகிறது, துணி அந்த அசைவைத்தான் பிடிக்கிறது.

இப்போது பஸ் ஹார்ன். ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஓர் ஊதுபத்தியை ஏற்றி சட்டத்தின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே வளைகிறதோ, துடிக்கிறதோ, அங்கே காற்று வருகிறது, காற்று வரும் வழியில் சத்தமும் வரும். ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு கண்ணாடிக் கதவுகளும் நடுவில் சந்திக்கிற இடத்தில் பெரும்பாலும் மாட்டும், அங்கே இருக்கிற நார்ப்பட்டை தேய்ந்து மொட்டையாகி இருக்கும். அதை மாற்றச் செலவு குறைவு. அப்புறம் ஏசி பைப் போகிற ஓட்டை. அதைச் சும்மா ஒரு பிளாஸ்டிக் வளையத்தால் மூடிவிட்டுப் போயிருப்பார்கள், பின்னால் பார்த்தால் வெளிச்சம் தெரியும். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தாலே போதும், நீங்கள் எவ்வளவு கனமான கண்ணாடி போட்டாலும் சத்தம் சுமார் 20 டெசிபலுக்கு (டெசிபல் என்பது ஒலியின் பலத்தைச் சொல்லும் அலகு) மேல் குறையாது. ஆகவே இடுக்கை அடைத்த பிறகுதான் கண்ணாடியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜன்னலையே மாற்றுவது என்று முடிவு செய்தால், ஸ்லைடிங் வேண்டாம், ரப்பர் பட்டையில் அழுந்திச் சாத்திக்கொள்ளும் கதவு மாதிரியான ஜன்னல் போடுங்கள், லேமினேட்டட் கண்ணாடியோடு, அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடியோடு.

பால்கனியில் செடி வைத்தால் சத்தம் குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாலு தொட்டி வைப்பதால் சத்தம் குறைந்துவிடாது. கண்ணுக்காக வையுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார், ஆனால் நாங்கள் பேசினால் "என்னடா முணுமுணுக்குற" என்கிறார். பிள்ளைகள் படிக்க முடியவில்லை. தினமும் சண்டை. – வாசகர், திருநெல்வேலி

அவர் மேல் கோபப்படாதீர்கள் தம்பி. வயதாகும்போது காதில் முதலில் போவது கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள். பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் ச, த, க, ப போன்றவை மங்கிவிடும். அதனால்தான் "கேக்குது, ஆனா புரியல" என்பார்கள். ஒலியைக் கூட்டினாலும் ஏற்கெனவே கேட்கிற உயிரெழுத்துதான் இன்னும் பலமாகக் கேட்கும். ஆக, முதல் வேலை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு பரிசோதனை. குறும்பி அடைத்திருந்தால் அன்றைக்கே பாதிப் பிரச்சினை தீரும். காது கருவி வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து அறை. அந்தக் காலத்து டப்பா டிவியில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருந்தது. இப்போதைய மெல்லிய டிவிகள் பலவற்றில் அது கீழேயோ பின்னாலோ இருக்கிறது, சுவரில் மோதிச் சிதறித்தான் அப்பாவிடம் வருகிறது, நடுவில் ஃபேன் வேறு. ஒரு சின்ன ஸ்பீக்கரை வாங்கி அவர் நாற்காலி பக்கத்திலேயே வையுங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடுகிறது, வீட்டுக்குள் அதைவிடக் கொஞ்சம் குறையும், ஆனாலும் அவருக்குப் போதுமான அளவு உயரும், பிள்ளைகள் அறைக்குப் போகிற சத்தம் குறையும். ஹெட்ஃபோனும் கொடுக்கலாம்தான். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, மாட்டிக்கொண்டால் வீட்டுப் பேச்சிலிருந்தே அவர் விலகிப்போவார்.

இன்னொரு விஷயமும் உங்கள் வீட்டில் நடக்கிறது. 1911-ல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தது: சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். டிவி அலறுகிறது, அதற்கு மேல் நீங்கள் பேசுகிறீர்கள், அதற்கு மேல் அடுப்படியிலிருந்து ஒரு குரல், கடைசியில் எல்லோரும் கத்துகிறோம், கத்துகிற குரல் கோபமாகத்தான் கேட்கும். சண்டையில் பாதிக்குக் காரணமே வேறு இல்லை. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் டிவியை நிறுத்துங்கள், முகம் தெரிகிற மாதிரி எதிரில் உட்காருங்கள், உங்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும், கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பேசுவதை வீட்டில் எல்லோருமே விட்டுவிடுங்கள்.

7 மாதக் குழந்தை. போனில் மழைச் சத்தம் போட்டுத் தலைமாட்டில் வைத்தால்தான் தூங்குகிறது. ராத்திரி முழுக்க ஓடுகிறது. தப்பா? – வாசகி, சேலம்

தலைமாட்டிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அம்மா. 2014-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. குழந்தைகளுக்கென்றே விற்கிற 14 தூக்க ஒலிக் கருவிகளை முழு ஒலியில் வைத்து அளந்தார்கள். 30 செ.மீ. தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின, ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கே காதுப் பாதுகாப்பு கேட்கிற அளவு அது. மருத்துவமனைக் குழந்தைகள் அறைக்குச் சொல்லப்படும் வரம்பு 50 டெசிபல். மழைச் சத்தம் கெட்டது இல்லை, மற்ற ஒலிகளை மூடிக் குழந்தையைத் திடுக்கிடாமல் வைக்கும். ஆனால் 2 மீட்டர் தள்ளி வையுங்கள், ஒலியைக் குறைத்தே வையுங்கள், தூங்கியதும் நிறுத்துங்கள்.

ராத்திரி அமைதியானதும் ஃபேன் 'டக் டக்', ஃபிரிட்ஜ் 'உர்ர்'. தூக்கமே போச்சு. – வாசகர், கோவை

ஃபேன் 'டக் டக்' என்றால் மேலே கம்பியை மூடியிருக்கும் கப் கம்பியில் உரசுகிறதா, இறக்கைத் திருகு தளர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். 'உம்ம்' என்று முனகினால் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், முனகல் நின்றால் குற்றவாளி ரெகுலேட்டர், ஃபேன் இல்லை. ஃபிரிட்ஜ் நாலு காலும் தரையில் சமமாக நிற்கட்டும், பின்பக்கம் சுவரில் இடிக்கக்கூடாது, உள்ளே கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் அதிரும். ஃபிரிட்ஜ் மேல் எவர்சில்வர் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

எதிரே கல்யாண மண்டபம். ராத்திரி 11 மணிக்கும் மைக் ஓடுகிறது. சட்டம் என்ன சொல்கிறது? – வாசகர், திருச்சி

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, நாலு பக்கமும் அடைத்த அரங்குக்குள் விலக்கு உண்டு. திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை மாநில அரசு அனுமதி தரலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு முன் ஒருநாள் பகலில் மண்டப மேனேஜரை நேரில் பார்த்து, ஸ்பீக்கர் பெட்டிகளின் முகத்தை உங்கள் தெருவிலிருந்து உள்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். செய்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

ரிட்டயர்ட் டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டில். பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். பார்க்காவிட்டாலும் காலையிலிருந்து டிவி ஓடிக்கொண்டே இருக்கும், நின்றால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் சாயங்காலம் தலை கனக்கிறது. – வாசகி, காரைக்குடி

டீச்சர், துணைக்கு ஒரு சத்தம் வேண்டும் என்பதில் தப்பே இல்லை. வீட்டில் ஒரு குரல் கேட்பது தெம்புதான். ஆனால் டிவி அதற்கு ஏற்ற குரல் இல்லை. விளம்பரம் வரும்போது ஒரு மாதிரி, செய்தி விவாதத்தில் ஒரு மாதிரி, சீரியலில் திடீரென்று இடி மாதிரி ஒரு பின்னணி இசை. பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு திடுக்கிடலையும் காது வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, சாயங்காலத் தலைகனத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கனம் தொடர்ந்தால் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

காலையில் வானொலி வையுங்கள். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது பேச்சு நிகழ்ச்சி நல்ல துணை. படிக்கிற நேரத்தில் பேச்சு வேண்டாம், சொற்கள் சொற்களோடு மோதும், வீணையோ நாதஸ்வரமோ போதும். நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர், எதிரில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவு ஒலி. உங்களுடையது முற்றம் உள்ள வீடு என்றால் காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் எதையும் போடாமல் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள், கிளி, மைனா, தெருவில் போகிற தயிர்க்காரம்மா குரல் எல்லாம் உள்ளே வரட்டும். முதல் சில நாள் வெறுமை இன்னும் அதிகமாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் டிவி போடாமல் யாருக்காவது போன் போடுங்கள்.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது மட்டும் பின்னணி டிவி வேண்டவே வேண்டாம். 2008-ல் அமெரிக்காவில் 1, 2, 3 வயதுக் குழந்தைகளைப் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். அதில் அரை மணி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா ஒன்று டிவியில் ஓடியது. பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவே இல்லை, ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டாகிப் போனது, ஒரு பொம்மையில் மனம் நிலைத்திருக்கிற நேரம் குறைந்தது. அவர்கள் வந்து இறங்குகிற அன்றைக்கே ரிமோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.